வேட்டியைத் தின்ற மண்

உர்சுலா முழங்காலில் இருந்தார். வலக்கையில் சிறிய தோட்டக் கரண்டி. இடக்கை மணிக்கட்டுவரை மண்ணுக்குள் போயிருந்தது. அவருடைய முதுகைப் பார்த்தபடி நாங்கள் மூன்று பேர் நின்றோம்: முதலாம் மாடியில் குடியிருக்கும் சிவஞானம் அண்ணை, அவருடைய மனைவி பரமேஸ் அக்கா, நான். ஓகஸ்ட் மாதக் கடைசி. காலை ஒன்பது மணி இருக்கும். புல்லில் இன்னும் ஈரம் காயவில்லை.

லாங்கன்தால் என்ற சிறு நகரத்தில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு முற்றம் அது. ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானது. முற்றத்தில் ஆறு மேப்பிள் மரங்கள். மலைப்பக்கத்து இனம். இங்கே ஆஹோர்ன் என்பார்கள். நான் அங்கே அப்வார்ட், அதாவது கட்டடப் பராமரிப்பாளன். உர்சுலா மர வைத்தியர். சங்கம் அவரை அழைத்திருந்தது.

"இதோ," என்றார் உர்சுலா.

மண்ணிலிருந்து வெளியே வந்த கையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை தொங்கியது. நாலு விரல் அகலம், ஒரு முழ நீளம். இரண்டு மாதங்களுக்கு முன்பு, விளையாட்டுத் திடல் பக்கத்து அந்த மரத்தடியில் ஒரு முழச் சதுரத்தில் வேட்டித் துண்டொன்றைப் புதைத்திருந்தோம். நல்ல பருத்தி வேட்டி. இப்போது அதன் கரை மட்டும் வந்தது. கரையில் ஓடியது நைலோன் நூல். பருத்தி முழுவதையும் காணவில்லை. கிழிந்திருக்கவில்லை, உக்கியிருக்கவில்லை. இருந்த தடயமே இல்லை.

"எங்கை போயிட்டுது?" என்று கேட்டார் பரமேஸ் அக்கா.

நான் மொழிபெயர்த்தேன். உர்சுலா மண்ணைக் காட்டினார். "சாப்பிட்டுவிட்டார்கள்," என்றார்.

பிறகு, இன்னொரு துண்டைப் புதைத்திருந்த மூன்றாம் வாசல் மரத்தடிக்குப் போனோம். அங்கே கரண்டி இறங்கவில்லை. சீமெந்தில் பட்டதுபோலச் சத்தம் கேட்டது. உர்சுலா பெரிய மண்வெட்டியை எடுத்துவந்து காலால் மிதித்துத்தான் கிளப்பினார். துண்டு வெளியே வந்தது. உதறினார். நாலு மூலையும் இருந்தது. வெள்ளை கொஞ்சம் பழுப்பாகியிருந்தது, அவ்வளவுதான்.

"தோய்ச்சா இன்னும் ஒருக்காக் கட்டலாம்," என்றார் பரமேஸ் அக்கா.

உர்சுலா துண்டைப் புல்லில் விரித்து, அதன் பக்கத்தில் பச்சைக் கரையை வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கே சாப்பிட ஆளில்லை."

சிவஞானம் அண்ணை மரத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆறு பிள்ளைகள், ஆறு மரங்கள்

அந்த மரங்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லவேண்டும். நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முந்திய கதை.

ஓர் ஆண்டு அந்த நான்கு கட்டடங்களிலும் ஆறு பிள்ளைகள் பிறந்தார்களாம். சங்கம் பிள்ளைக்கு ஒன்றாக ஆறு மேப்பிள் கன்றுகள் நட்டது. மூன்றாம் வாசல் மரம் சிவஞானம் அண்ணையின் மகள் அபிராமிக்கு உரியது. மற்ற ஐந்து குடும்பங்களும் காலப்போக்கில் வீடு மாறிப் போய்விட்டன. இவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அபிராமிக்கு இப்போது லோசானில் ஆஸ்பத்திரியில் வேலை. பிரெஞ்சு பேசுகிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலில் வருவாள்.

அண்ணை அந்த மரத்தைப் "பிள்ளையின்ர மரம்" என்பார். முப்பது வருடத்துக்குக் கிட்ட ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு பால்கனிக் கதிரையும் அந்த மரமும்தான் அவருக்கு. குளிர்காலத்தில் கொப்புகளை எண்ணுவார். வசந்தத்தில் எந்தக் கொப்பு முதலில் துளிர்க்கிறது என்று எனக்குச் சொல்லுவார்.

கொஞ்சக் காலத்துக்கு முன்பு, முன்சுவர்களைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. ஒரு கோடை முழுக்க மூன்றாம் வாசல் பக்கம்தான் சாரத்துக் கம்பிகளை இறக்கினார்கள். லொறிகள் மரத்தடியிலேயே திரும்பின. அடுத்த வருடம் இலை சிறுத்தது. அதற்கடுத்த வருடம் மஞ்சளித்தது. பிறகு ஓரம் கருகத் தொடங்கியது. ஒவ்வொரு இலையும் நெருப்பில் காட்டி எடுத்த பேப்பர் போல, நடுவில் பச்சை, விளிம்பில் பழுப்பு. பின்பு ஒரு பக்கத்துக் கொப்புகள் அப்படியே காய்ந்தன.

மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறும் ஒரு பூஞ்சை நோய் மேப்பிளுக்கு வருவதுண்டு. அதற்கு மருந்தில்லை. அது வந்தால் மரத்தை வெட்டுவதோடு முடியாது. மண்ணையும் தோண்டி ஏற்றவேண்டும். அந்த இடத்தில் இன்னொரு மேப்பிளை வைக்கவும் முடியாது. உர்சுலாவுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. வெட்டிய கொப்பொன்றை ஆய்வுக்கு அனுப்பினார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பதில் வந்தது.

சங்கத்தின் நிர்வாகக் குழு காத்திருக்க விரும்பவில்லை. மற்ற ஐந்து மரங்களுக்கும் தொற்றினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கூடுவதாகவும், அதற்கு முதல்நாள் உர்சுலாவின் அறிக்கை வரவேண்டும் என்றும் முடிவாகியது.

மரியாதை எங்கே இருக்கிறது

துணி புதைக்கும் யோசனை உர்சுலாவுடையது. இந்த நாட்டில் தோட்டக்காரர்கள் மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பருத்தி உள்ளாடையைப் புதைப்பார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தால், நல்ல மண்ணில் இடுப்பு இலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பருத்தியைத் தின்றுவிடும்.

மரத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் அண்ணையிடம் ஒரு பழைய உள்ளாடை கேட்டார் உர்சுலா. அதை மொழிபெயர்க்க நான் கொஞ்சம் தயங்கினேன்.

"என்னது?" என்றார் அண்ணை. "என்ர உள்ளுடுப்பைத் தாட்டுப்போட்டு, ரெண்டு மாசம் கழிச்சு எல்லாருக்கும் முன்னால கிண்டி எடுத்துக் காட்டுறதோ? எனக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு தம்பி."

"மரியாதை உதிலயோ இருக்கு?" என்றார் உள்ளே இருந்து பரமேஸ் அக்கா.

"நீர் பேசாம இரும்."

கொஞ்ச நேரத்தில் அண்ணை ஒரு வேட்டியைக் கொண்டுவந்தார். கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது. பச்சைக் கரை. மடியில் சாம்பார் கொட்டிய மஞ்சள் கறை ஒன்று போகாமல் இருந்தது. உர்சுலா அதைத் தடவிப் பார்த்து, தான் இதுவரை புதைத்தவற்றில் இதுதான் உயர்ந்த துணி என்றார். கரையோடு சேர்த்து இரண்டு துண்டு வெட்டினோம். மிச்சத்தைப் பரமேஸ் அக்கா மடித்து உள்ளே வைத்தார்.

நான் சொன்ன ஒரு சொல்

இந்த இடத்தில் என் பக்கத்தையும் எழுதவேண்டும்.

இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு செய்தியில் 'எவருக்கும் காயமில்லை' என்று எழுதிக்கொண்டு போனேன். சிவப்புப் பேனையை எடுத்து, 'கிடைத்த தகவலின்படி' என்று முன்னால் சேர்த்தார். "நீர் எல்லாரையும் எண்ணிப் பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பாடம் எனக்கு அன்றைக்கே விளங்கியது. ஆனால் உதவவேண்டிய நாளில் உதவவில்லை.

உர்சுலா முதல் தடவை வந்தபோதே கருகிய இலையைத் தூக்கிப் பிடித்து என்னிடம் கேட்டார்: "இங்கே உப்புப் போடுகிறீர்களா?"

குளிர்காலத்தில் பாதையில் உறைபனி வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவது இங்கே வழக்கம். மேப்பிளுக்கு அது ஆகாது. எங்கள் சங்கம் அதை நிறுத்திவிட்டு உடைத்த சிறுகல் தூவச் சொல்லியிருந்தது. நான் அந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"இந்த முற்றத்தில் உப்பு விழுவதில்லை," என்றேன்.

எனக்குத் தெரிந்தவரை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் குறிப்புப் புத்தகத்தில் உப்பு என்று எழுதி, அதை ஒரு கோட்டால் வெட்டினார். அந்தக் கோடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. நான் சுத்தமான அப்வார்ட் என்று பெயர் எடுத்தவன். இலையுதிர் காலத்தில் முற்றத்தில் ஓர் இலை கிடக்க விடமாட்டேன். காற்றூதும் இயந்திரத்தால் ஒதுக்கி, வாரி, பைகளில் கட்டி அனுப்பிவிடுவேன். மூன்றாம் வாசல் எல்லோரும் போய்வரும் வழி என்பதால் அங்கே இன்னும் கவனமாக. மரத்தடி கண்ணாடி மாதிரி இருக்கும். குடியிருப்பாளர்கள் பாராட்டுவார்கள். விளையாட்டுத் திடல் பக்கத்து மரத்தடி வேலிக்குப் பின்னால் இருப்பதால் அங்கே அவ்வளவு கவனிப்பதில்லை.

எந்த மரத்தடியை நான் கவனிக்கவில்லையோ அங்கேதான் வேட்டி காணாமற்போனது.

எங்கடினில் ஒரு மத்தியானம்

அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு முன்பே வந்தது. தவறவிட்டேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கடின் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் ஓய்வு. படுக்க இடமில்லை. வெளியே நடப்பேன். ஒருநாள் ஒரு வைக்கோல் கொட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய மேப்பிள் மரம் ஒன்றைக் கண்டேன். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் அடியில் உட்கார்ந்தேன்.

நிலம் கீழே போனது. மெத்தையில் உட்கார்ந்தால் அமிழ்வது போல. திடுக்கிட்டு எழுந்து, கையால் கிளறிப் பார்த்தேன். மேலே முழு இலைகள். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சி, வலை போல. அதற்கும் கீழே இலை என்று சொல்ல முடியாத கறுப்புத் துகள். இன்னும் கீழே மண். எங்கே இலை முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று கோடு போடமுடியவில்லை.

எனக்குப் பத்திரிகை அலுவலகத்துப் பழைய இதழ்க் கட்டுத்தான் ஞாபகம் வந்தது. மேலே நேற்றைய பேப்பர், கீழே போனமாதத்தது, அடியில் வாசிக்க முடியாமல் ஒட்டிப்போனது. மணந்து பார்த்தேன். மழை விழுந்த மண்ணின் மணம். அன்றைக்கு மழையில்லை.

கிளறியதைத் திரும்ப மூடிவிட்டு, நேரமாகிவிட்டதென்று ஓடினேன். அந்த மரம் தன் சாப்பாட்டைத் தானே கீழே போட்டு, தானே எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இத்தனை வருடம் இலைகளைப் பையில் கட்டியிருக்கமாட்டேன்.

நிலவறையில்

ஓகஸ்ட் காலைக்குத் திரும்புகிறேன்.

உர்சுலா இரண்டு துணிகளையும் பைகளில் போட்டார். "ஏதோ ஒன்று இங்கிருந்து எல்லா உயிரையும் துரத்தியிருக்கிறது," என்றார். "லொறி ஏறி நெரிந்த மண் மட்டும் இப்படிச் செய்யாது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் பூஞ்சைச் சந்தேகம் என்றுதான் எழுதவேண்டும்."

"எழுதினால்?"

"ஒக்டோபரில் வெட்டுவார்கள்."

நான் தமிழில் சொன்னேன். பரமேஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணை வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் நிலவறையில் குழாய் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை படியிறங்கி வந்தார். கையில் தேத்தண்ணி. அவர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த முதல் நாள் அது.

"தம்பி, ஒரு விசயம். அக்காவுக்குத் தெரியவேண்டாம்."

"சொல்லுங்கோ அண்ணை."

தன் அறையின் மரக்கதவைத் திறந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய சைக்கிளுக்குப் பின்னால், போர்வையால் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக உப்புப் பைகள். கல்லுப்பு. பாதி வெறும் பை, பாதி முழுசு.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"தென்னை மஞ்சளிச்சா அடியில உப்புப் போடுறேல்லையோ?" என்றார். "எங்கட வளவில ஐயா போடுவார். நானும் போட்டிருக்கிறன். ரெண்டு மழைக்குப் பச்சை பிடிக்கும். இதும் மஞ்சளிச்சுது. நான் என்ன செய்யிறது? சாரம் கட்டினவங்கள் போன பிறகு, மரம் பசியில நிண்ட மாதிரி எனக்குப் பட்டுது."

"எவ்வளவு போட்டனீங்கள்?"

"மாசத்தில ஒருக்கா. பறுவத்துக்கு, முழு நிலவு வெளிச்சத்தில. சுத்திவரக் கிண்டி, ரெண்டு சிரங்கை, மூண்டு சிரங்கை அள்ளிப் போடுவன். பச்சை பிடிக்கேல்லை எண்டாப்போல கொஞ்சம் கூட்டினன்."

"எத்தினை வருசம்?"

"ரெண்டு வருசத்துக்கு மேல."

வெறும் பைகளைப் பார்த்தேன். எண்ணவில்லை.

"ஏன் அண்ணை ஒளிச்சு வைச்சனீங்கள்?"

"எனக்குப் பிரஷர் எண்டு டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர். அவ வீட்டில உப்புப் போத்திலையே ஒளிச்சுத்தான் வைக்கிறா. இவ்வளவு உப்பைக் கண்டா நான் அள்ளித் தின்னுறன் எண்டு நினைப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "உர்சுலா உப்போ எண்டு கேட்டதும், நீர் இல்லையெண்டு சொன்னதும் எனக்குக் கேட்டது. அண்டைக்கே விளங்கியிட்டுது. சொல்ல வாய் வரேல்லை. பிள்ளையின்ர மரத்தை நானே..."

தேத்தண்ணி அவருடைய கையிலேயே ஆறியது.

அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மரத்தைப் பட்டினி போட்டவன் நான். வருடா வருடம் அதன் சாப்பாட்டைப் பையில் கட்டி அனுப்பினேன். பசியைக் கண்ணால் கண்டு ஏதோ கொடுக்க நினைத்தவர் அவர். கொடுத்தது பிழையானது. கண்டது சரி.

"அண்ணை, நீங்கள்தான் சொல்லவேணும்," என்றேன். "நான் பக்கத்தில நிக்கிறன்."

"சொன்னா வெட்டமாட்டினமோ?"

"எனக்குத் தெரியாது."

இம்முறை தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

கழுவக்கூடிய குற்றம்

அடுத்தநாள் காலை உர்சுலாவின் சிறிய வானுக்குப் பக்கத்தில் நின்று அண்ணை சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. இத்தனை வருடத் தொழிற்சாலை ஜெர்மனில் அவரே சொன்னார். "நான் உப்புக் கொடுத்தேன். என் நாட்டில் மரத்துக்குக் கொடுப்போம்."

உர்சுலா கேட்டது இதுதான்: "எந்தப் பக்கம் அதிகம்?"

அண்ணை காட்டினார். காய்ந்த கொப்புகள் இருந்த பக்கம்.

உர்சுலா வானின் கதவில் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பூஞ்சையைக் கழுவமுடியாது," என்றார். "உப்பைக் கழுவலாம்."

மண்ணை ஆய்வுக்கு அனுப்பினார். உப்புத்தான் என்று வந்தது. குழு ஒரு வருடம் தந்தது. அடுத்த ஓகஸ்டில் மீண்டும் துணி சோதனை. மண் திரும்பியிருந்தால் மரம் நிற்கும். இல்லாவிட்டால் இல்லை.

பரமேஸ் அக்காவுக்குச் செய்தி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. யார் சொன்னது என்று தெரியாது. அன்று மாலையே லோசானில் இருந்து அபிராமி தொலைபேசியில் வந்தாளாம். "அப்பா, உங்களுக்கு இருக்கிறது காணாதெண்டு மரத்துக்கும் பிரஷர் ஏத்திப் போட்டியளோ?" என்று கேட்டாளாம். அதை அண்ணையே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்தார்.

மண் வேலை

செப்டெம்பரில் வேலை தொடங்கியது. மேப்பிளுக்கு எப்படி மண் வேண்டும் என்பதை நான் உர்சுலாவின் கைகளைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டுவார். நீளமாகத் திரண்டால் களி கூட. உருட்டமுடியாமல் உதிர்ந்தால் மணல் கூட. இரண்டுக்கும் நடுவில், திரண்டு உடையவேண்டும். தண்ணீர் உள்ளே போகவேண்டும், ஆனால் தேங்கி நிற்கக்கூடாது. வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது என்றார்.

முதலில் நெரிந்த மண்ணுக்கு மூச்சு. மண்வெட்டி போட்டால் வேர் அறும். அதனால் நீண்ட குழாய் ஒன்றைத் தரையில் இறக்கி, அதன் வழியே அழுத்தமான காற்றை உள்ளே செலுத்தினார். ஒவ்வொரு தடவையும் நிலம் ஒரு விரற்கடை உயர்ந்து அடங்கியது. என் காலடி உயர்ந்தது. நிலம் பெருமூச்சு விடுவதுபோல என்று எழுதலாம். நான் கண்டது ஒரு விரற்கடை.

பிறகு, மண்ணில் பிடித்த உப்பை விடுவிக்க ஜிப்சம் தூள். பிறகு தண்ணீர். வேகமாக அல்ல, துளித்துளியாக, மணிக்கணக்கில், வாரக்கணக்கில். உப்பு கரைந்து வேருக்கும் கீழே இறங்கவேண்டும். குழாயை நகர்த்தும் பொறுப்பை அண்ணை எடுத்துக்கொண்டார். கதிரை பால்கனியிலிருந்து மரத்தடிக்கு இறங்கியது.

பிறகு மக்கிய உரம், மெல்லிய படையாக. அடிமரத்தை மூடாமல். மேப்பிளின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் யானையின் பாதம் போல விரிந்து தெரியவேண்டும். அதை மூடினால் பட்டை அழுகும். வாகனம் ஏறாமல் சுற்றிவரத் தாழ்வான மரவேலி. கடைசியாக, என்னைப் பார்த்து, "இனி இலையைக் கூட்டாதீர்கள்," என்றார் உர்சுலா.

எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. ஒக்டோபரில் இலை விழுந்தது. கூட்டவில்லை. மற்ற மரத்தடிகளில் இருந்தும் அள்ளிவந்து அங்கே போட்டேன். கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஜன்னலைத் திறந்து, அப்வார்டுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஒரு காலை மெல்லிய மழை. வேலிப் பக்கம் போனவன் அப்படியே நின்றேன். ஓர் இலை செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. காம்பு மேலே, இலை நுனி மண்ணில். காற்றில்லை. ஆனால் இலை அசைந்தது. நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கி, ஒரு நகத்தளவு கீழே போனது.

"என்ன தம்பி, எதையேன் துலைச்சுப்போட்டீரோ?" அண்ணை குடையோடு வந்தார்.

"சத்தம் போடாம வாங்கோ."

இரண்டு பேரும் குந்தினோம். இலை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, குடை மடங்குவதுபோல ஒடுங்கி, உள்ளே போனது. மண்புழு அதைக் கீழே இருந்து இழுத்துக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தால் அதுபோல இன்னும் ஆறேழு இலைகள். ஈரத்தில் மிக மெல்லிய சத்தமும் கேட்டது, துணி உரசுவதுபோல.

கீழ்த்தள ஆசிரியை சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மழையில் இரண்டு ஆண்கள் குந்தியிருப்பதற்குக் காரணம் கேட்கத்தான் வந்திருப்பார். அண்ணை விரலால் காட்டினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். கடைசி இலைக்காம்பும் மறையும்வரை மூன்று பேரும் குனிந்தே இருந்தோம். அதன்பிறகு இலையைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

இத்தனை வருடம் நான் மிதித்து நடந்த தரைக்குக் கீழே இவ்வளவு பேர் வேலையில் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட நான் அவர்களைப் பற்றி விசாரித்ததில்லை.

மறு ஓகஸ்ட்

வசந்தத்தில் காய்ந்த பக்கம் காய்ந்தே இருந்தது. மறுபக்கம் துளிர்த்தது. ஜூன் மாதத்தில் வேட்டியின் மிச்சத்தில் ஒரு துண்டைப் பழைய இடத்திலேயே புதைத்தோம்.

ஓகஸ்ட் கடைசி. அபிராமி லோசானில் இருந்து அதிகாலை ரயில் பிடித்து வந்திருந்தாள். நிர்வாகக் குழுவில் இருந்து ஒருவர், கையில் கோப்போடு. பரமேஸ் அக்கா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

உர்சுலா இலைப் படையை ஒதுக்கிக் கிளறினார். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் தள்ளிக் கிளறினார். இல்லை.

"ஆரோ எடுத்திட்டாங்கள்," என்றார் அண்ணை. அவருடைய குரல் மாறியிருந்தது.

"வேட்டியை ஆரப்பா களவெடுக்கிறது?" என்றாள் அபிராமி.

உர்சுலா அண்ணையைக் கூப்பிட்டு, கையை உள்ளே விடச் சொன்னார். அண்ணை மெல்ல முழங்காலில் இறங்கினார். அபிராமி தோளைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் கரண்டி சத்தம் போட்ட இடம் அது. அண்ணையின் கை எதிர்ப்பே இல்லாமல் மணிக்கட்டுவரை போனது. முழங்கைக்குக் கிட்டவும் போனது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், யாரோ உள்ளே இருந்து கையைப் பிடித்தது மாதிரி.

பிறகு மெதுவாக இழுத்தார். பச்சைக் கரை வந்தது. ஒரு முழம். அதில் வெள்ளை நூல் நாலைந்து தொங்கியது. வேறொன்றும் இல்லை.

கோப்போடு வந்தவர் கோப்பைத் திறந்தார். உர்சுலா ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அண்ணை கையில் இருந்த கறுப்பு மண்ணில் ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயோ, என்ன செய்யிறியள்?" என்றார் பரமேஸ் அக்கா.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் ஐந்து பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பில்லை," என்றார்.

டொக்டர் சொன்ன நாளில் இருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் கேட்கிற சொல். பரமேஸ் அக்கா அதற்கு எப்போதும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பார். அன்றைக்குச் சீலைத் தலைப்பை எடுத்து, அண்ணையின் உதட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.